25 ஆண்டு என்னும் வாக்குறுதி: சூரிய மின்தகட்டின் ஆயுளை அறிய முயன்ற வரலாறு

இன்று ஒரு வீட்டுக் கூரையில் பொருத்தப்படும் சூரிய மின்தகட்டுடன் ஓர் உத்தரவாதத் தாளும் வருகிறது. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் இத்தகடு தன் தொடக்கத் திறனில் ஏறக்குறைய 80 விழுக்காட்டையேனும் தரும் என்பது அத்தாளின் சாரம். அந்தத் தகட்டின் வடிவமைப்போ சந்தைக்கு வந்து பெரும்பாலும் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். அதே வகைத் தகடு 25 ஆண்டுகள் வெயிலில் நின்றதை எவரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. எனில், இந்த எண்ணை எழுதியவர்கள் எதைக் கண்டு எழுதினார்கள்?

சூரிய மின்தகடுகளின் நீடித்துழைக்கும் தன்மையை ஆராய இயந்திரக் கற்றலைப் பயன்படுத்துவது இன்று வேகமாக வளரும் துறை. அத்துறையின் கட்டுரைகள் பலவும் 2010களிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. உண்மையில் அதன் வேர் எழுபதாண்டு ஆழமுடையது. தகடு எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன்னிடமிருந்த சான்றுகளைக் கொண்டு விடை கண்டது. விடை பிழைத்த இடங்களிலெல்லாம் சான்றின் குறையே தெரிந்தது. இயந்திரக் கற்றலும் இந்த வரிசையில் வரும் ஒரு கருவிதான் என்பதும், அதன் வலிமை கணிமுறையைக் காட்டிலும் ஆவணத்தில்தான் தங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. விண்ணிலிருந்து மண்ணுக்கு

1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வகம், டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்கு அறிவித்தது. அதன் திறன் சுமார் 6 விழுக்காடு. அடுத்த ஆண்டே ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் நகருக்கருகே ஓர் ஊரகத் தொலைபேசித் தடத்தில் அதனைச் சோதித்துப் பார்த்தனர். கருவி வேலை செய்தது. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. மண்ணில் இடமில்லாத அந்த மின்கலத்திற்கு விண்ணில் இடம் கிடைத்தது. 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளின் ஒரு வானொலி பரப்பி, சூரிய மின்கலங்களின் ஆற்றலால் 1964 வரை இயங்கியது.

இந்த வெற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் விதைத்தது. விண்வெளியில் மின்கலத்தின் முதற்பகை கதிர்வீச்சு. அங்கே மழையில்லை, உப்புக்காற்றில்லை, புழுதியில்லை, ஆலங்கட்டியில்லை. தகட்டைச் சுமந்து சென்று ஏணியில் ஏற்றும் மனிதக் கைகளும் அங்கில்லை. மண்ணுக்கு வந்தபோது மின்கலத்தைக் காட்டிலும் அதைச் சுற்றியிருந்தவையே முதலில் பழுதாயின. மின்கலங்களை இணைக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் அறுந்தன. கலத்தை மூடியிருந்த உறைபொருள் பிரிந்தது. ஈரம் உட்புகுந்து அரித்தது. சிலிக்கன் என்னும் தனிமம் எளிதில் முதுமை அடைவதில்லை. தகடு என்பதோ கண்ணாடி, பசை, ஈயப்பற்று, நெகிழித் தாள், அலுமினியச் சட்டம் ஆகியவை கூடிய ஒரு குடும்பம். அக்குடும்பத்தின் ஆயுளை அதன் மிக நலிந்த உறுப்பே தீர்மானிக்கிறது.

2. பழுதிலிருந்து பாடம்: ஐந்து கொள்முதல்கள்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க அரசு சூரிய மின்னாற்றலில் பெருமுதலீடு செய்தது. 1975இல் தொடங்கி 1986 வரை ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்திய தட்டைத்தகட்டுத் திட்டம் இவ்வரலாற்றின் முதற்பெரும் திருப்பம். அதன் நடைமுறை எளிமையானது. அரசு தகடுகளைத் தொகுதி தொகுதியாக ஐந்து கட்டங்களில் கொள்முதல் செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கிய தகடுகளைப் பல்வேறு தட்பவெப்பங்களில் நிறுவிப் பார்த்தனர். பழுதான தகடுகளை ஆய்வகத்திற்குக் கொண்டுவந்து பிரித்து ஆராய்ந்தனர். பழுதின் காரணம் தெரிந்ததும் அதை வெளிக்கொணரும் சோதனை ஒன்றை வகுத்து அடுத்த கொள்முதலின் நிபந்தனைகளில் சேர்த்தனர்.

இவ்வாறுதான் சோதனைகளின் பட்டியல் வளர்ந்தது. வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் சுழற்சியும் ஈரப்பதமும் தொடக்கத்திலேயே இருந்தன. காற்றழுத்தத்தை ஒத்த இயந்திரச் சுமையும், பனிக்கட்டி உருண்டைகளைச் சுட்டுப் பார்க்கும் ஆலங்கட்டிச் சோதனையும் பின்னர் வந்தன. ஒரு கலத்தின் மீது மட்டும் நிழல் விழுந்தால் அது மின்னாக்கும் உறுப்பாக இராமல் மின்னை விழுங்கிச் சூடேறும் உறுப்பாக மாறிவிடும். அந்தச் சூட்டுப்புள்ளிக்கான சோதனை ஐந்தாம் கட்டத்தில் இடம்பெற்றது. ஐந்தாம் கட்டத்திற்கு முந்தைய தகடுகளில் களப்பழுது 45 விழுக்காடு வரை இருந்தது என்றும், அதற்குப் பிந்தையவற்றில் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது என்றும் 1990களில் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. இன்றைய எந்த அறிவியல் திட்டமும் பொறாமைப்படத்தக்க சாதனை இது.

வரலாற்று மாணவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்சாதனையைச் சோதனைக் கருவிகள் மட்டும் நிகழ்த்தவில்லை. களத்திலிருந்து ஆய்வகத்திற்கும் ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கும் செய்தி தவறாமல் சென்றுகொண்டிருந்த ஓர் ஏற்பாடே இதை நிகழ்த்தியது. பழுதான தகடு குப்பைக்குப் போகவில்லை. அது சான்றாகப் பேணப்பட்டது.

3. பழுப்பேறிய வயல்

அதே திட்டம் தந்த இன்னொரு கொடை உறைபொருள். தொடக்ககாலத் தகடுகளில் பயன்பட்ட சிலிக்கோன் மென்மையானது, விலை மிகுந்தது. அதற்கு மாற்றாக எத்திலீன் வினைல் அசெட்டேட் என்னும் நெகிழி முன்வைக்கப்பட்டது. சுருக்கமாக இ.வி.ஏ. எனப்படும் இப்பொருள் இன்றும் உலகின் பெரும்பான்மைத் தகடுகளில் கண்ணாடிக்கும் கலத்திற்கும் நடுவே இருக்கிறது.

1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் காரிசா சமவெளியில், அக்காலத்தின் மிகப்பெரிய சூரிய மின்நிலையங்களுள் ஒன்று எழுந்தது. தகடுகளின் இருபுறமும் கண்ணாடிகளை நிறுத்திக் கூடுதல் ஒளியை அவற்றின் மீது திருப்பினர். உற்பத்தி உயர்ந்தது, வெப்பமும் புற ஊதாக் கதிரும் கூடவே உயர்ந்தன. சில ஆண்டுகளிலேயே உறைபொருள் மஞ்சளாகிப் பின் பழுப்பேறியது. ஒளி கலத்தை அடையவில்லை, திறன் சரிந்தது. 1990களில் அந்நிலையம் பிரிக்கப்பட்டுத் தகடுகள் விற்கப்பட்டன.

ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. நெகிழியைக் காக்கச் சேர்த்திருந்த வேதிப்பொருள்களே வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் சிதைந்து நிறமாற்றத்திற்கு வழிகோலின. பின்னர் உறைபொருளின் கலவை திருத்தப்பட்டது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் சீரியம் கலந்த கண்ணாடியும் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் காரிசா சொன்ன செய்தி ஒரு பொருளின் குறையோடு முடிவதன்று. முன்னர்க் கண்ட பழுதுகளையெல்லாம் தடுக்கும் வகையில் வகுத்த சோதனைகள், முன்னர்க் காணாத பழுதைக் காட்டவில்லை. சோதனை என்பது கேட்கத் தெரிந்த கேள்வி. கேட்கத் தெரியாத கேள்வியைக் காலம் கேட்கிறது.

4. நாற்பத்திரண்டு நாள்களில் ஒரு தலைமுறை

அமெரிக்க அனுபவமும், இத்தாலியின் இஸ்ப்ராவிலுள்ள ஐரோப்பியக் கூட்டு ஆய்வு மையத்தில் திரண்ட அனுபவமும் சேர்ந்து 1993இல் ஐ.இ.சி. 1215 என்ற பன்னாட்டுத் தரநிலையாக வடிவெடுத்தன. அதுவே இன்றைய ஐ.இ.சி. 61215. இந்தியாவில் ஐ.எஸ். 14286 அதற்கு இணையானது. இத்தரநிலையின் சோதனைகளை ஒருமுறை கூர்ந்து பார்ப்பது பயனுடையது. 85 பாகை செல்சியசிலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் தகட்டை வைத்திருக்க வேண்டும். கழித்தல் 40 பாகையிலிருந்து 85 பாகை வரை 200 முறை வெப்பச் சுழற்சிக்கு உட்படுத்த வேண்டும். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் மோத விட வேண்டும். புற ஊதாக் கதிருக்கு வகுத்த அளவு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி. வெயில் மிகுந்த நிலப்பகுதி ஒன்றில் தகடு சில மாதங்களிலேயே பெற்றுவிடும் அளவு இது.

1000 மணி நேரம் என்பது ஏறத்தாழ 42 நாள். 42 நாளில் 25 ஆண்டுகளை எவ்வாறு காண்பது? இதன் பின்னுள்ள தத்துவம் ஸ்வாண்டே அர்ரேனியஸ் 1889இல் முன்வைத்த சமன்பாடு. வெப்பநிலை உயர உயர வேதிவினையின் வேகம் அடுக்குக்குறி விதிப்படி கூடும். ஆதலால் மிகை வெப்பத்தில் சிறிது காலம் வைத்தால் மிதவெப்பத்தில் நெடுங்காலம் வைத்ததற்கு ஈடாகும் என்பது கணக்கு. ஒரேயொரு வேதிவினை ஒரே வழியில் நிகழும்வரை இக்கணக்கு சரி. களத்திலுள்ள தகட்டிலோ வெப்பம், ஈரம், ஒளி, மின்னழுத்தம், காற்றின் அசைவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்படுகின்றன. ஒன்றின் விளைவு மற்றொன்றுக்கு வழி திறக்கிறது. புற ஊதாக் கதிர் வலுவிழக்கச் செய்த தாளை வெப்பச் சுழற்சி கிழிக்கிறது. கிழிந்த வழியே ஈரம் நுழைகிறது. சோதனைக்கூடமோ பெரும்பாலும் இவற்றைத் தனித்தனியே கொடுக்கிறது.

இதன் விளைவுகளை 2010களில் உலகம் கண்டது. தகடுகளை நீண்ட தொடராக இணைத்ததால் எழுந்த உயர் மின்னழுத்தம், கண்ணாடியிலிருந்து சோடிய அயனிகளைக் கலத்திற்குள் நகர்த்தித் திறனை அரித்தது. தரச்சான்று பெற்ற தகடுகளே இதற்கு இரையாயின. 2010க்குப் பிறகு நிறுவப்பட்ட ஒரு வகைத் தகடுகளில் பாலிஅமைடு அடுக்குகளாலான பின்தாள்கள் சில ஆண்டுகளிலேயே வெடித்துப் பிளந்தன. அவையும் தேர்வில் தேறியவையே. தரநிலை பொய் சொல்லவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அது வடிவமைப்பின் தகுதியை உறுதிசெய்யும் ஆவணமே. ஆயுளைக் கணிப்பதாக அது எங்கும் உரிமை கோரவில்லை. 1980களில் ஐந்தாண்டு, பத்தாண்டு என்றிருந்த உத்தரவாதம் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் 25 ஆண்டாக நீண்டபோது, தகுதிச் சான்றை ஆயுள் சான்றாகப் படிக்கும் வழக்கம் சந்தையில் வேரூன்றியது.

5. மெதுவான சான்று

விரைந்த சோதனைக்கு எதிர்முனையில் நிற்பது பொறுமையான கவனிப்பு. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982 மே மாதத்தில் 10 கிலோவாட் அளவுள்ள சிறு மின்நிலையம் மின்வலையோடு இணைக்கப்பட்டது. ஐரோப்பாவில் அவ்வாறு இணைக்கப்பட்ட முதல் சூரிய மின்நிலையம் அதுவே. அதிலிருந்த 288 தகடுகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்துவந்தனர். 35 ஆண்டுகளுக்குப் பின் பாதிக்கு மேற்பட்ட தகடுகள் தொடக்கத் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் தந்துகொண்டிருந்தன.

இன்னும் சுவையான செய்தி எஞ்சியவற்றில் இருந்தது. ஒரே நிறுவனம் செய்த, ஒரே பெயருடைய, ஒரே கூரையில் நின்ற தகடுகள் வெவ்வேறு வேகத்தில் முதுமையடைந்திருந்தன. ஆராய்ந்தபோது, உறைபொருளை மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களிடமிருந்து வாங்கியிருந்தது தெரியவந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றே போலிருந்த தகடுகளின் ஊழை, பெயர்ப்பலகையில் எழுதப்படாத ஒரு பொருள் தீர்மானித்திருந்தது.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்க் ஜோர்டனும் சாரா கர்ட்ஸும் இத்தகைய களச்சான்றுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டினர். ஏறத்தாழ 2000 தேய்மான வீதங்களை அவர்கள் ஒப்பிட்டதில் இடைநிலை அளவு ஆண்டுக்கு 0.5 விழுக்காடும், சராசரி 0.8 விழுக்காடும் எனத் தெரிந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஒரு செய்தி. பெரும்பாலான தகடுகள் மெல்லத் தேய்கின்றன; ஒரு சிறுபான்மை மிக விரைவாகச் சரிந்து சராசரியை இழுத்துவிடுகிறது. ஆண்டுக்கு 0.5 விழுக்காடு என்றால் 25 ஆண்டில் இழப்பு எட்டில் ஒரு பங்கு. 1 விழுக்காடு என்றால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கடன் வாங்கித் தகடு நிறுவிய ஒருவருக்கு, முன்னது உத்தரவாதத்திற்குள் நிற்கும் வாழ்வு; பின்னது அதை மீறிய இழப்பு. அரை விழுக்காட்டைத் துல்லியமாக அறிவதில் இத்தனை பேர் தம் வாழ்நாளைச் செலவிட்டதன் பொருள் இதுதான்.

6. இயந்திரம் கற்கத் தொடங்கியது

அரை விழுக்காட்டை அறிவது எளிதன்று. தகட்டின் அன்றாட உற்பத்தி மேகத்தாலும் பருவத்தாலும் வெப்பத்தாலும் புழுதியாலும் பன்மடங்கு ஏறி இறங்குகிறது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஆண்டுக்கு அரை விழுக்காடு என்னும் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். மாலை நேரச் சந்தையில் கடிகாரத்தின் ஓசையைத் தேடுவது போன்றது இது. ஒளியை அளக்கும் கருவியும் காலப்போக்கில் பிசகுவதால், தேய்ந்தது தகடா, அளவுகோலா என்ற ஐயமும் எழும்.

இதற்குக் கண்ட தீர்வுகளுள் ஓர் எளிய உத்தி நிலைபெற்றது. ஒவ்வொரு நாளின் சீராக்கப்பட்ட உற்பத்தியையும் அடுத்த ஆண்டின் அதே நாளோடு ஒப்பிடுவது; கிடைக்கும் பல்லாயிரம் வேறுபாடுகளின் இடைநிலையைத் தேய்மான வீதமாகக் கொள்வது. பருவம் தானே கழிந்துவிடுகிறது. இவ்வுத்தி திறந்த மூல மென்பொருளாகப் பொதுவெளிக்கு வந்தது. 2022இல் அதே அமெரிக்க ஆய்வகத்தினர் 1700க்கும் மேற்பட்ட மின்நிலையங்களின் தரவை ஆராய்ந்து, ஆண்டுக்கு 0.75 விழுக்காடு என்ற இடைநிலை வீதத்தை வெளியிட்டனர். இது தகட்டுக்கு மட்டுமன்றி முழு அமைப்புக்குமான வீதம். வெப்பமிகு பகுதிகளில் அது கூடுதல் என்பதும் அதில் தெளிவாயிற்று. தெளிந்த வானமுள்ள நாளின் வளைவை ஒளியளவி இன்றியே உற்பத்தித் தரவிலிருந்து பிரித்தெடுக்கும் கணிமுறைகள், அக்கம்பக்கத்து நிலையங்களை ஒரு வலையின் முடிச்சுகளாகக் கொண்டு ஒன்றின் விடுபட்ட தரவை மற்றவற்றால் நிரப்பும் நரம்பியல் வலையமைப்புகள் ஆகியவை இந்த ஓடையில் அடுத்தடுத்து வந்தவை.

மற்றோர் ஓடை படங்களுடையது. சூரிய மின்கலத்திற்கு வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்தால் அது மங்கலான அகச்சிவப்பு ஒளியை உமிழும். 2005இல் ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தகாஷி ஃபுயுகியும் அவர்தம் குழுவினரும் இந்த மின்னொளிர்வைப் படமெடுத்துக் கலத்தின் உள்நிலையை அறியலாம் எனக் காட்டினர். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விரிசலும் செயலற்ற பகுதியும் இப்படத்தில் கரிய கோடுகளாகவும் திட்டுகளாகவும் தெரிகின்றன. மருத்துவருக்கு எக்ஸ்ரே எப்படியோ தகட்டு ஆய்வாளருக்கு இது அப்படி.

படங்கள் பெருகியபோது அவற்றைப் பார்க்கும் கண்கள் போதவில்லை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 44 தகடுகளிலிருந்து 2624 கலங்களின் மின்னொளிர்வுப் படங்களைத் தொகுத்துப் பொதுவில் வைத்தனர். 2019இல் வெளிவந்த ஒப்பீட்டில் ஆழ்கற்றல் வலையமைப்பு சுமார் 88 விழுக்காடும், மரபான வகைப்படுத்தும் முறை சுமார் 82 விழுக்காடும் சரியாகப் பழுதை இனங்கண்டன.

இத்தொகுப்பின் மிக நேர்மையான பகுதியாக எனக்குத் தோன்றுவது அதன் குறியீட்டு முறை. ஒவ்வொரு படத்தையும் பார்த்த வல்லுநரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: இக்கலம் பழுதா? உங்கள் விடையில் உறுதியாக இருக்கிறீர்களா? விடைகள் 0, 0.33, 0.67, 1 என நான்கு படிகளாகப் பதிவாயின. இயந்திரம் கற்றது இயற்கையிடமிருந்து மட்டுமன்று. ஐயத்தோடு விடை சொன்ன மனிதரிடமிருந்தும்தான். அந்த ஐயத்தை அழிக்காமல் பதிந்துவைத்ததால் பின்வருவோர் அதைக் கணக்கில் கொள்ள முடிகிறது.

7. இயந்திரத்திற்கும் எட்டாதது

இனி இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் இயந்திரக் கற்றலின் எல்லைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, காலம். எவ்வளவு நுட்பமான வலையமைப்பும் 25 ஆண்டுத் தரவைப் படைக்க இயலாது. இருப்பதைப் படிக்க மட்டுமே இயலும். 25 ஆண்டு நின்ற தகடுகளோ இன்று எவரும் செய்யாத வகையின. கலத்தின் கட்டமைப்பு மாறிவிட்டது, உறைபொருள் மாறிவிட்டது, கண்ணாடி மெலிந்துவிட்டது, தகட்டின் பரப்பு பெருத்துவிட்டது. தாத்தாவின் மருத்துவக் குறிப்பை வைத்துப் பேரனின் ஆயுளைச் சொல்வதில் ஓரளவு உண்மையுண்டு, ஓரளவே உண்டு.

இரண்டாவது, பெயரிடப்படாத மாறிகள். லுகானோவில் மூன்று உறைபொருள்கள் இருந்த செய்தி தரவில் இல்லாதிருந்தால், எந்தக் கணிமுறையும் தகடுகளை மூன்று கூட்டமாகப் பிரித்துவிட்டுக் காரணம் சொல்லாமல் நின்றிருக்கும். வேறுபாட்டைக் காண்பது வேறு, அதன் காரணத்தை அறிவது வேறு. காரணத்தை அறியப் பொருள்களின் பட்டியல் வேண்டும். அது பெரும்பாலும் தொழில் மறைபொருளாகவே வைக்கப்படுகிறது.

மூன்றாவது, எஞ்சியவற்றின் சாய்வு. நன்கு பராமரிக்கப்பட்ட நிலையங்களே நெடுங்காலத் தரவைத் தருகின்றன. கைவிடப்பட்டவை அளக்கப்படுவதில்லை. பிழைத்தவற்றை மட்டும் படித்த இயந்திரம் இறந்தவற்றைப் பற்றி இனிமையாகவே பேசும்.

நான்காவது, நிலம். ஓரிடத்துத் தரவில் பயின்ற மாதிரி வேறிடத்தில் தடுமாறுவது இத்துறையில் அனைவரும் அறிந்தது. மிதவெப்ப நாட்டின் தரவில் புழுதியும் பருவமழையும் ஒரு சிறு திருத்தம். நம் நாட்டிலோ மாதக்கணக்கில் படியும் புழுதி தேய்மானத்தின் வேடமணிந்து வரும். முதல் மழை அதைக் கழுவியதும் தகடு இளமை திரும்பியதுபோலத் தோன்றும். இதை அறியாத மாதிரி இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

8. இந்தியாவின் இடம்

இந்தியாவில் சூரிய மின்தகடு புதிதன்று. சாகிபாபாத்திலுள்ள பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 1970களின் இறுதியிலேயே மின்கலங்களையும் தகடுகளையும் செய்தது. குருகிராமத்தையடுத்த குவால் பகாரியில் 1980களில் சூரிய ஆற்றல் மையம் உருவானது. அதுவே பின்னர் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமாயிற்று. 2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மும்பை ஐ.ஐ.டி.யில் தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு, கல்வி மையம் நிறுவப்பட்டது.

இந்த மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் இணைந்து 2013, 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் அகில இந்தியத் தகட்டு நம்பகத்தன்மைக் கள ஆய்வுகளை நடத்தின. நம் நாட்டின் அறிவியல் வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறாத முயற்சி இது. குளிர்ந்த லடாக்கிலிருந்து ஈரம் மிகுந்த கடற்கரை வரை ஆறு தட்பவெப்ப மண்டலங்களில், ஆய்வுக்குழுவினர் அளவைக் கருவிகளையும் ஒளிப்படக் கருவிகளையும் சுமந்துசென்று கூரைகளிலும் வெளிகளிலும் நின்ற தகடுகளை அளந்தனர். வெப்ப மண்டலங்களில் தேய்மானம் குளிர் மண்டலங்களைவிட மிகுதி என்றும், சிறு கூரை அமைப்புகள் பெருநிலையங்களைவிட விரைவாகத் தேய்கின்றன என்றும் அவர்கள் கண்டனர். நிறுவிச் சில ஆண்டுகளே ஆன தகடுகளிலும் கவலைக்குரிய இழப்பு தென்பட்டது. தரத்தில் செய்த சமரசமும், சுமந்துசெல்லும்போதும் பொருத்தும்போதும் ஏற்பட்ட விரிசல்களும் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இந்தக் கண்டறிதலை இன்றைய நிலையோடு பொருத்திப் பாருங்கள். 2014 மார்ச்சில் நாட்டின் சூரிய மின்திறன் மூன்று கிகாவாட்டுக்கும் குறைவு. 2025 ஜனவரியில் அது 100 கிகாவாட்டைக் கடந்தது. அதாவது அந்நாளில் நிறுவப்பட்டிருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு, தன் 25 ஆண்டு வாக்குறுதியில் பாதியைக்கூடக் கடந்திருக்கவில்லை. வயல்களுக்குச் சூரிய மின்னாற்றல் தரும் பி.எம். குசும் திட்டம் 2019இலும், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட பி.எம். சூர்யா கர் திட்டம் 2024இலும் தொடங்கின. கள ஆய்வு எங்கே தேய்மானம் மிகுதி எனக் காட்டியதோ, அந்தச் சிறு கூரைகளை நோக்கியே இப்போது தகடுகள் செல்கின்றன. பெருநிலையங்களில் நிமிடத்திற்கு நிமிடம் தரவு பதிவாகிறது; அது நிறுவனங்களின் கைக்குள் இருக்கிறது. சிறு கூரையின் தரவோ இன்வெர்ட்டரின் செயலியில் சில காலம் இருந்து, கருவி மாறியதும் மறைந்துபோகிறது.

ஆக, உலகின் கடுமையான களங்களுள் ஒன்று நம்முடையது. அதன் பதிவோ மெலிந்தது. வேற்று நாட்டுத் தரவில் பயின்ற மாதிரிகளே நம் கூரைகளின் ஆயுளைச் சொல்லும் நிலை வந்தால், அந்தக் கணிப்பின் பிழையைச் சுமப்பவர் மாதிரியை எழுதியவராக இருக்கமாட்டார். கடன் தவணை கட்டும் உழவரும் வீட்டுக்காரருமே சுமப்பர்.

9. ஆவணமே முதல் கணிமுறை

ஜெட் உந்துவிசை ஆய்வகம் பழுதான தகட்டைச் சான்றாகப் பேணியது. லுகானோவில் 35 ஆண்டுகள் அளவைப் பதிவு தொடர்ந்தது. ஜெர்மானியத் தொகுப்பு வல்லுநரின் ஐயத்தையும் பதிந்தது. இம்மூன்றிலும் அறிவை ஈட்டித் தந்தது ஒரே பண்பு: உடனடிப் பயனில்லாதபோதும் குறித்துவைத்த பொறுமை. இயந்திரக் கற்றல் அந்தப் பொறுமைக்கு மாற்றாகாது. அதன் பயனைப் பன்மடங்காக்கும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது சிறிதன்று. நம் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மாடிகளில் பத்தாண்டுகளுக்கு மேலான தகடுகள் நிற்கின்றன. அவற்றின் வகை, வரிசை எண், நிறுவிய நாள், சாய்கோணம், கழுவிய நாள்கள், மாற்றிய உறுப்புகள், ஒளியளவியைச் சரிபார்த்த நாள், அன்றாட உற்பத்தி ஆகியவற்றை ஒரு துறை தொடர்ந்து பதிந்தாலே அது நாட்டுக்கு ஒரு செல்வம். புதிதாக நிறுவுவோர் ஒரு தகட்டை மட்டும் வெயில் படாத அறையில் ஒப்பீட்டுக்கென வைத்துக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சூரிய மின்தகடுகளையும் உள்ளடக்கியுள்ளன. கழிக்கப்படும் தகடு நொறுக்கப்படுமுன் ஒருமுறை அளக்கப்பட்டு, ஒருமுறை படமெடுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை ஆய்வாளர்கள் எழுப்பலாம். மானியம் பெறும் கூரைகளின் உற்பத்தித் தரவு, வீட்டுக்காரரின் அடையாளம் நீக்கப்பட்டுப் பொது ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே.

2050ஆம் ஆண்டுவாக்கில் ஒரு மாணவர் நம் காலத்துத் தகடுகளைப் பற்றி ஆராய அமரும்போது, அவரிடம் இன்றைய கணிமுறைகளைவிட மேம்பட்ட கருவிகள் இருக்கும் என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கு ஊட்டுவதற்கு இந்திய வெயிலின் 25 ஆண்டுப் பதிவு இருக்குமா என்பது மட்டும் இன்று நம் கையில் உள்ளது.